குழி தோண்டியவரும் கம்பம் ஏறியவரும்

என் சித்தப்பா கம்பம் நட்ட காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் முகமே மாறிவிடும். தொண்ணூறுகளில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் அவர் தினக்கூலி. பேருக்குக் குழி தோண்டுகிற வேலை. ஆள் பற்றாத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், மேலே ஏறச் சொல்வார்கள்.

"மேல போய் ஒரு தடவ திரும்பிப் பார்த்தா ஊரே தெரியும்பா. நம்மள நடைய தாண்ட விடாத வீட்டு மாடி, தோட்டம் எல்லாம் என் காலுக்குக் கீழ. கீழ நின்னு 'டேய்'னு கூப்பிடுறவரு, நான் மேல இருக்கிறப்ப மட்டும் 'தம்பி, பாத்துப்பா'ம்பாரு."

இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மின்கம்பி வேலையின் ஆபத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆபத்தை மட்டுமே எழுதுகிறார்கள். உயரத்தில் நிற்கும் மயக்கம், எல்லோரும் அஞ்சுகிற ஒன்றைக் கையால் தொடுகிற கர்வம், ஒரு தெரு முழுக்க விளக்கு எரியும்போது கீழே எழுகிற கூச்சல், இவையும் அந்த வேலையில் உண்டு. அந்தக் கர்வத்தை வைத்துத்தான் உலகம் முழுக்க இந்த வேலைக்கு ஆள் பிடித்தார்கள். கர்வம் தந்தார்கள், கையுறை தரவில்லை. பிறகு கையுறையும் பயிற்சியும் கிடைத்தன. யாருக்குக் கிடைத்தன, எப்படிக் கிடைத்தன என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய வரலாறு. அது தொடங்குவது அமெரிக்காவில்.

1880களின் நியூயார்க் நகரத்துப் படங்களைப் பாருங்கள். வானம் தெரியாத அளவுக்குக் கம்பிகள். தந்திக் கம்பி, தொலைபேசிக் கம்பி, தெருவிளக்குக் கம்பி, எல்லாம் ஒரே தெருவில், பல சமயம் ஒரே கம்பத்தில். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு இழுத்துக் கட்டியது. மூடிப்போன கம்பெனிகளின் கம்பிகள் அப்படியே தொங்கின. தந்திக் கம்பியில் ஓடுவது சொற்ப மின்சாரம். விளக்குக் கம்பியில் ஓடுவதோ ஆயிரக்கணக்கான வோல்ட். எங்கோ ஒரு மூலையில் இரண்டும் உரசினால், பல தெரு தள்ளி வேலை செய்கிறவனுக்கு அது தெரியாது.

1889 அக்டோபர் 11. மதிய நேரம். ஜான் ஃபீக்ஸ் என்ற தந்தித் தொழிலாளி நகராட்சி மாளிகைக்கு அருகே ஒரு கம்பத்தில் ஏறி, பழைய கம்பிகளை வெட்டி அகற்றிக்கொண்டிருந்தார். அவர் தொட்டது ஆபத்தில்லாத தந்திக் கம்பி என்றுதான் அவருக்குத் தெரியும். அந்தக் கம்பி வேறோர் இடத்தில் உயர் அழுத்தக் கம்பியோடு சேர்ந்திருந்தது. அவர் உடல் கம்பி வலையில் சிக்கி அங்கேயே தொங்கியது. மதிய உணவுக்கு வெளியே வந்திருந்த ஆயிரக்கணக்கானோர் பார்க்க, நெடுநேரம் எரிந்துகொண்டிருந்தது. இறக்குவதற்கு ஏறவே மற்ற தொழிலாளிகள் அஞ்சினார்கள்.

அந்தக் கம்பத்திலேயே ஒரு பெட்டியை அடித்து வைத்தார்கள். அவர் மனைவிக்காக மக்கள் அதில் காசு போட்டார்கள். அதற்கு முன்னும் பல தொழிலாளிகள் இதேபோல் செத்திருந்தார்கள். அவர்கள் செத்தது கனவான்களின் கண்முன்னே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நேர்மின்சாரம் விற்ற எடிசனும் மாறுமின்சாரம் விற்ற வெஸ்டிங்ஹவுஸும் அப்போது சந்தைக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். எடிசன் தரப்புக்கு இந்தச் சாவு நல்ல பிரசார ஆயுதமாயிற்று. அதே நியூயார்க் மாநிலம் தூக்குக் கயிற்றுக்குப் பதில் மின்சார நாற்காலியைச் சட்டமாக்கியிருந்தது. 1890 ஆகஸ்டில் முதல் கைதியை அதில் உட்கார வைத்தார்கள். மின்சாரம் ஆளைக் கொல்லுமா என்று விஞ்ஞானிகள் விலங்குகளை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்த காலத்தில், கம்பத் தொழிலாளிகள் அதற்கான விடையை உடம்பால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மாநகரம் விழித்துக்கொண்டது. மேயர் ஹியூ கிராண்ட் ஆபத்தான கம்பிகளை வெட்டச் சொன்னார். கம்பெனிகள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கின. தடை நீங்கியதும் ஆட்கள் கோடரியோடு இறங்கினார்கள். 1913இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க அதே நகரத்தில் வந்து இறங்கியபோது, மன்ஹாட்டனின் அந்தக் கம்பிக் காடு பெருமளவு நிலத்துக்கடியில் போயிருந்தது. மக்கள் பார்த்துவிட்டார்கள் என்பதால் வந்த மாற்றம் அது. ஆள் பார்க்காத இடங்களில் கம்பிகள் அப்படியேதான் இருந்தன.

அங்கேதான் ஹென்றி மில்லர் வருகிறார். டெக்சாஸில் பிறந்தவர். இளம் வயதிலேயே தந்திக் கம்பி இழுக்கப் போனவர். 1890இல் செயின்ட் லூயிஸ் நகரில் பெரிய பொருட்காட்சி ஒன்று நடந்தது. மின்விளக்குகளால் அதை அலங்கரிக்க நாடு முழுவதிலிருந்தும் தொழிலாளிகள் வந்தார்கள். வேலை முடிந்த மாலைகளில் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். எல்லோர் கதையும் ஒரே கதை. ஒரு மணி நேரத்துக்கு 15 சென்ட், மிஞ்சினால் 20 சென்ட். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் அவர்களை ஏற்பதில்லை. சில பகுதிகளில் வேலைக்குச் சேர்ந்த இருவரில் ஒருவர் வேலையிலேயே செத்தார் என்று அவர்கள் சங்கத்தின் வரலாறு சொல்கிறது. இரண்டில் ஒன்று, தோழர்களே. போர்க்களத்தில்கூட இந்தக் கணக்கு அபூர்வம்.

மில்லர் அவர்களை ஒன்று சேர்த்தார். பிறகு ஊர் ஊராகப் போனார். கருவிகளையும் ஒரு மாற்றுச் சட்டையையும் பையில் போட்டுக்கொண்டு சரக்கு ரயிலில் ஏறிவிடுவார். போகிற ஊரில் கம்ப வேலை செய்வார், அங்கேயே சங்கம் கட்டுவார், அடுத்த ரயில். 1891 நவம்பரில் செயின்ட் லூயிஸில் முதல் மாநாடு. வந்தவர்கள் பத்துப் பேர், அவர்கள் பிரதிநிதித்துவம் செய்தது 286 உறுப்பினர்களை. மின்னல் கீற்றுகளைப் பிடித்த ஒரு முஷ்டியைச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். செத்தால் அடக்கம் செய்யவாவது பணம் வேண்டும் என்பதற்காக ஒரு மரண உதவித் தொகை ஏற்பாடு செய்தார்கள். எட்டு மணி நேர வேலை, தகுந்த கூலி என்ற கோரிக்கைகளோடு சவப்பெட்டிச் செலவும் பேச வேண்டியிருந்த சங்கம் அது.

அதன் முதல் தலைவரும் கம்பத்தில்தான் செத்தார். 1896 ஜூலையில் வாஷிங்டனில் புயலுக்குப் பின் கம்பி சரிசெய்து கொண்டிருந்தபோது 2,200 வோல்ட் மில்லரைத் தாக்கியது. கீழே விழுந்தார், தலையில் அடி. வயது 43.

இந்தத் தொழிலாளிகளை வெறும் பலியாடுகளாகப் பார்த்தால் தவறு. ஊர் விட்டு ஊர் போய்க் கம்பம் ஏறியவர்கள் தங்களைப் பற்றிப் பெருமையாகக் கதை சொல்லித் திரிந்தவர்கள். காலில் இரும்பு முள் கட்டி மரக்கம்பத்தில் மடமடவென்று ஏறுவது, குளிரில் விறைத்த கையால் முடிச்சுப் போடுவது, கூட இருப்பவன் தவறினால் தானும் சாவோம் என்று தெரிந்து அவனை நம்புவது. இப்படி ஒரு தொழிலில் இருந்து உருவாகிற தோழமையை வகுப்பறையில் உருவாக்க முடியாது. சங்கம் அந்தப் பெருமையை எடுத்து ஒரு விதியாக மாற்றியது. பயிற்சி பெறாதவன் மேலே ஏறக்கூடாது. தனியாக ஏறக்கூடாது. இது செத்தவர்கள் எழுதிய பாடத்திட்டம் என்பேன்.

இங்கே கொஞ்சம் இயற்பியல். கம்பியில் உட்கார்ந்த குருவி ஏன் சாவதில்லை? அதன் இரண்டு காலும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. மின்சாரம் ஓட வித்தியாசம் வேண்டும். மனிதன் கம்பியையும் மண்ணையும் ஒரே நேரத்தில் தொட்டால், அல்லது இரண்டு கம்பிகளைத் தொட்டால், அவன் உடம்பே பாலமாகிவிடும். இதயத் துடிப்பு தாறுமாறாகும், சதை உள்ளிருந்து வேகும். உயர் அழுத்தத்தில் தொடக்கூடத் தேவையில்லை. நெருங்கினாலே காற்றைக் கிழித்துக்கொண்டு பொறி பாயும்.

இதிலிருந்து தப்ப மூன்று வழி கண்டார்கள். மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைப் பூமியோடு இணைத்துவிட்டு வேலை செய்வது ஒன்று. 'எர்த் ராட்' போடுவது என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். சுவிட்சை இறக்கிவிட்டோம், போதும் என்று நினைப்பதில்தான் பலர் செத்தார்கள். மறுமுனையில் எங்கோ ஒரு ஜெனரேட்டர் ஓடினால் மின்சாரம் எதிர்த்திசையில் வரும். பக்கத்தில் வேறு உயர் அழுத்த லைன் போனால், தொடாமலே நம் கம்பியில் மின்னழுத்தம் ஏறும். எர்த் போட்டிருந்தால் அது மண்ணுக்குப் போகும். இல்லையென்றால் ஆள் வழியாகப் போகும். இரண்டாவது வழி, நீண்ட காப்புக் கோலால் தள்ளி நின்று வேலை செய்வது. முதலில் மரக்கோல், பிறகு கண்ணாடியிழைக் கோல். மூன்றாவதுதான் கேட்டாலே மயிர் கூச்செறிவது. மின்சாரம் ஓடும் கம்பியையே கையால் தொடுவது.

குருவியின் தந்திரம்தான் அது. ஒரு கூண்டு போன்ற உலோகப் பரப்புக்குள் மின்புலம் நுழையாது என்று மைக்கேல் ஃபாரடே 1836இல் காட்டினார். உலோக இழை சேர்த்து நெய்த முழு உடையைத் தொழிலாளி போட்டுக்கொள்கிறார். மண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லாதபடி காப்பிட்ட தொட்டியிலோ ஹெலிகாப்டரிலோ கம்பியை நெருங்குகிறார். கையிலுள்ள உலோகக் கோலை நீட்டும்போது கோலுக்கும் கம்பிக்கும் இடையே பொறி படபடவென்று பாய்கிறது. கவ்வியை மாட்டியதும் அடங்கிவிடுகிறது. இப்போது அவரும் லட்சக்கணக்கான வோல்ட்டில் இருக்கிறார். முகத்து ரோமம் சிலிர்க்கும், காதில் ஓயாத ரீங்காரம். ஆனால் சாவில்லை. இந்தியாவிலும் இது நடக்கிறது. பெங்களூரில் தேசிய மின்சாரப் பயிற்சி நிறுவனத்தின் ஹாட்லைன் பயிற்சி மையத்தில் மின்சாரத்தை நிறுத்தாமலே வேலை செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். 400 கிலோவோல்ட் கம்பியை நிரந்தர ஊழியர் ஒருவர் கையால் பிடித்துவிட்டு இறங்கி வந்து தேநீர் குடிக்கிற அதே நாட்டில், வெறும் 11 கிலோவோல்ட் கம்பியில் ஒப்பந்தத் தொழிலாளி கருகிச் சாகிறார். அப்படியானால் கொல்வது வோல்ட்டா?

அமெரிக்காவுக்கே திரும்புவோம். மில்லரின் சங்கத்தை நான் இவ்வளவு நேரம் புகழ்ந்தேன். அதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் போனால் அது வரலாறு ஆகாது. பல பத்தாண்டுகள் அந்தச் சங்கத்தின் கிளைகள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. தொழில் பழக வேண்டுமென்றால் சங்கத்து ஆள் ஒருவரின் கீழ் பழகுநராகச் சேர வேண்டும். அந்த வாசல் அப்பா, மாமா, அண்ணன் வழியாகத்தான் திறக்கும். தொழில் தெரியாததால் சங்கத்தில் இடமில்லை, சங்கத்தில் இல்லாததால் தொழில் கற்க வழியில்லை. நமக்கு இது ரொம்பப் பழகின வளையம். உயிரைக் காக்கிற அறிவும் ஒரு சொத்து. அதையும் பரம்பரையாகப் பூட்டி வைக்க முடியும்.

அரசு வந்தால் மாறும் என்று நினைத்தார்கள். 1933 மே மாதம் ரூஸ்வெல்ட் அரசு டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தைத் தொடங்கியது. அணைகள் கட்டி, வெள்ளத்தைத் தடுத்து, ஏழை மாநிலங்களுக்கு மலிவு விலையில் மின்சாரம் தரும் திட்டம். அப்போது அமெரிக்காவில் பத்துப் பண்ணை வீடுகளில் ஒன்றில்தான் விளக்கு எரிந்தது. உலகமே வியந்து பார்த்த திட்டம் அது. 1934இல் கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. சார்பில் வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டனும் ஜான் டேவிஸும் நேரில் போய்ப் பார்த்தார்கள். ஆணையம் தன் தொழிலாளிகளுக்காகக் கட்டிய நாரிஸ் என்ற முன்மாதிரி நகரத்தில் கறுப்பினக் குடும்பம் ஒன்றுகூடக் குடியேற அனுமதியில்லை. கறுப்பினத் தொழிலாளிகளுக்குத் தனி முகாம், மண்வெட்டி வேலை. தொழிற்பயிற்சி வெள்ளையருக்கு. என்.ஏ.ஏ.சி.பி.யின் இதழான 'தி க்ரைசிஸ்' அதை அம்பலப்படுத்தியது. இதே ஹூஸ்டன்தான் பின்னாளில் பள்ளிகளில் இனப்பிரிவினையை உடைத்த வழக்குகளுக்கு அடித்தளம் போட்டவர். அணையும் மின்கம்பமும் அவருக்கு உரிமைப் பிரச்சினையாகவே தெரிந்தன.

இந்த டென்னசித் திட்டத்தைத்தான் அம்பேத்கர் கையில் எடுத்தார். 1942 ஜூலை முதல் 1946 வரை அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அந்தத் துறைக்குள் இருந்தன என்பது நம்மில் பலருக்கே தெரியாது. அவரைச் சட்டப் புத்தகத்தோடு மட்டும் நிறுத்தி வைத்துச் சிலை செய்கிறோம். மின்கம்பத்தடியில் நிற்கிற அம்பேத்கரையும் நாம் பார்க்க வேண்டும். 1943 அக்டோபரில் மின்சக்திக் கொள்கைக் குழுவில் பேசியபோது அவர் வைத்த வாதம் இதுதான்: நிலத்தை மட்டும் நம்பியிருக்கிற நாடு வறுமையிலிருந்து மீளாது, தொழில்மயம் வேண்டும், அதற்கு மலிவான, தாராளமான மின்சாரம் வேண்டும். கிராமத்து நிலவுடைமையின் பிடியிலிருந்து நம் மக்கள் வெளியேற ஒரு வழியாகவும் இதை நான் படிக்கிறேன். 1944இல் மத்தியத் தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் அமைந்தது. டென்னசி ஆணையத்தில் வேலை செய்த பொறியாளர் வூர்டுயின் அழைத்துவரப்பட்டார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்காக 1945 ஜனவரியிலும் ஆகஸ்டிலும் கல்கத்தாவில் நடந்த மாநாடுகளுக்கு அம்பேத்கர் தலைமை தாங்கினார். 1948 ஜூலை 7 அன்று தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது.

அவர் அதே காலத்தில் செய்த இன்னொன்றையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. அறிவியல், தொழில்நுட்பம் படிக்க நம் பிள்ளைகளை வெளிநாடு அனுப்ப உதவித்தொகையும் அவர் முயற்சியில் வந்தது. மின்சாரம் வரட்டும், அதைக் கையாளுகிற அறிவில் நம் ஆளும் இருக்கட்டும் என்று இரண்டையும் ஒருசேரத் தள்ளினார். டென்னசியில் இரண்டாவது பாதி இல்லாமல் போனதைத்தான் ஹூஸ்டன் சுட்டிக்காட்டியிருந்தார்.

சுதந்திர இந்தியாவில் முதல் பாதி வந்தது. 1959 டிசம்பரில் தாமோதர் கழகத்தின் பஞ்செட் அணையைத் திறக்க நேரு வந்தபோது, புத்னி என்ற சந்தால் தொழிலாளிப் பெண்ணைக் கொண்டு பொத்தானை அழுத்த வைத்தார்கள். அழகான படம். சில ஆண்டுகளில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அணைகளுக்காக நிலம் இழந்தவர்களில் ஆதிவாசிகள் ஏராளம்.

மின்கம்பிகள் எங்கே போயின? தமிழ்நாட்டில் 1932இல் பைக்காராவும் 1937இல் மேட்டூரும் மின்சாரம் தரத் தொடங்கின. நாடு முழுக்கக் கிராமங்கள் 'மின்மயமாயின'. அந்தச் சொல்லின் அரசாங்க விளக்கத்தைத் தேடிப் படியுங்கள். 1997 வரை, ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எந்த இடத்திலாவது, எதற்காகவாவது மின்சாரம் பயன்பட்டால் அது மின்மயமான கிராமம். ஒரு பண்ணையாரின் பம்ப்செட் ஓடினால் போதும், சேரி உட்பட எல்லாம் கணக்கில் ஒளிர்ந்துவிடும். 1997இல் மக்கள் குடியிருக்கும் பகுதிக்குள் வர வேண்டும் என்று திருத்தினார்கள். அதுவும் ஊர்த்தெருவோடு நின்றது. 2004இல் வந்த விளக்கத்தில்தான், தலித் குடியிருப்பு இருந்தால் அங்கும் மின்மாற்றியும் கம்பியும் போயிருக்க வேண்டும் என்று எழுத்தில் சேர்த்தார்கள். மின்சாரத்துக்குச் சாதி தெரியாது என்கிறவர்களிடம் இந்த ஒரு வரி விளக்கத்தைக் காட்டுங்கள். மின்சாரத்துக்குத் தெரியாமல் இருக்கலாம், கம்பத்துக்குத் தெரிந்திருந்தது.

சித்தப்பா ஊர்த்தெருவுக்குக் கம்பம் நட்டபோது எங்கள் தெருவில் சிம்னி விளக்குதான். அந்தக் குழுவில் குழி தோண்டியவர்கள் எல்லோரும் எங்கள் தெரு. மேற்பார்வைக்கு வந்த நிரந்தர ஊழியரிடம் பெல்ட், கையுறை, டெஸ்டர் எல்லாம் இருக்கும், பையில். ஏறுகிறவர் இடுப்பில் தாம்புக் கயிறு. விதி இல்லாமலா? 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே கையுறை, ரப்பர் காலணி, பெல்ட், எர்த் செய்யும் கருவி எல்லாம் சொல்லப்பட்டிருக்கின்றன. பின்னால் வந்த மத்திய மின்சார ஆணைய விதிமுறைகளிலும் உண்டு. விதி நிரந்தர ஊழியரின் பையோடு நின்றுவிட்டது. தினக்கூலிக்கு வந்தது வேலை மட்டும்தான்.

ஒருநாள் அவருடன் வேலை செய்த ஒருவர் மேலே இருந்தார். லைனை நிறுத்தச் சொல்லி வாய்வார்த்தையில் தகவல் போயிருந்தது. வாய்வார்த்தையிலேயே திரும்ப லைன் போட்டுவிட்டார்கள். எர்த் போடவில்லை. நிறுத்தச் சொல்லி எழுத்தில் வாங்குகிற 'லைன் கிளியர்' இருந்திருந்தால் அதில் ஒரு பெயர் இருக்கும், அந்தப் பெயருக்கு உரியவர் வந்து வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடாமல் சுவிட்சைத் தொட முடியாது. எழுத்தில் எதுவும் இல்லை. ஆகவே அவர் அங்கே வேலையே செய்யவில்லை. 'வெளியாள், தானாக ஏறிவிட்டான்' என்றார்கள். ஒப்பந்தக்காரர் அடக்கச் செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து, ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். நியூயார்க் கம்பத்துப் பெட்டியைப் பற்றிப் படித்த அன்று எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது.

மாணவத் தோழர்கள் சிலர் இப்படியான சாவு நடந்த வீடுகளுக்குப் போகிறீர்கள். மாலை போட்டுப் படம் எடுத்துப் பதிவிடுவதோடு நிற்காதீர்கள். லைன் கிளியர் யார் பெயரில் வாங்கப்பட்டது, எர்த் ராட் போட்டிருந்ததா என்று முதலில் கேளுங்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆவது பிரிவின்படி விபத்தைத் தெரிவிக்க வேண்டும், விசாரணைக்கும் வழி உண்டு. மின் ஆய்வாளரின் அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் என்று கைகழுவ இழப்பீட்டுச் சட்டம் விடாது, வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனமும் பொறுப்பு. இழப்பீடு கேட்க இரண்டு ஆண்டு அவகாசம். தாமதமானாலும் தகுந்த காரணம் காட்டினால் ஏற்க முடியும்.

சித்தப்பாவின் அந்தக் கூட்டாளி மனைவிக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதை முதன்முதலில் சொன்னது நான்தான். கல்லூரி முதலாண்டு விடுமுறையில். அவர் செத்து அப்போது பதினோரு ஆண்டு. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தத் தாள்ல என்னாப்பா எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார்.